இலைப்பேனும் அதன் இயற்கைப் பகைவர்களும்

சென்னை மாநகரின் மேற்கு வாயிலாக விளங்கும் பூவிருந்தவல்லிக்கு அதன் பெயரே பூவினால் வாய்த்தது. இவ்வூரில் தோன்றிய திருக்கச்சி நம்பிகள் நந்தவனம் அமைத்து, அதிற் பூத்த மலர்களைக் காஞ்சிக்குச் சுமந்து சென்று வரதராஜப் பெருமாளுக்குச் சாத்தி வந்தார் என்று வைணவ மரபு கூறும். அந்நாளைய பூந்தோட்டங்களின் பரப்பு இன்று பெரிதும் குறுகிவிட்டது. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. அவற்றைத் தொடர்ந்து குடியிருப்புகள் பெருகின. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019-இல் ஆவடி தானே ஒரு மாநகராட்சியாயிற்று. எனினும், திருமழிசை, வெள்ளவேடு, நேமம் ஆகிய ஊர்களைச் சுற்றி எஞ்சியுள்ள நிலங்களில் மல்லிகையும் ரோஜாவும் மிளகாயும் கத்தரியும் கீரை வகைகளும் இன்னும் பயிராகின்றன. விடியற்காலையில் பறித்த பூ, வெயில் ஏறுமுன் கோயம்பேடு அங்காடியை அடைந்துவிடும். இவ்வசதி தொலைவிலுள்ள மாவட்டங்களுக்கு வாய்க்காத ஒன்று. ஆனால் நிலம் சிறிது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவரே மிகுதி. ஆதலால் ஒரு பருவம் பொய்த்தால் அதைத் தாங்கும் வலிமை இக்குடும்பங்களுக்கு இல்லை.

இப்பயிர்கள் அனைத்திற்கும் பொதுவான ஒரு பூச்சியைப்பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். குடியானவர்கள் அதனைப் பேன் என்றும், இலைப்பேன் என்றும் வழங்குவர். எள்ளின் நீளங்கூட இல்லாத இப்பூச்சிக்காகச் செலவிடப்படும் மருந்தின் அளவு நம்மை வியப்பில் ஆழ்த்துகிறது. கொழுந்து சற்றுச் சுருண்டவுடனே மருந்துக் கடைக்குச் செல்வதும், ஒன்றுக்கு இரண்டாகக் கலந்து தெளிப்பதும், பத்து நாளில் பேன் முன்னிலும் மிகுதியாகத் தோன்றுவதும், மீண்டும் கடைக்குச் செல்வதும் வழக்கமாகிவிட்டன.

பணச் செலவு ஒருபுறமிருக்க, இதிலுள்ள மற்றோர் இடர்ப்பாட்டை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எந்த மருந்தானாலும், தெளித்த பின் இத்தனை நாள் கழித்தே விளைபொருளைப் பறிக்கவேண்டும் என்று ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. மருந்துக்குத் தக்கவாறு அது சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை வேறுபடும். நெல்லுக்கும் கடலைக்கும் இவ்விதியைக் காப்பது எளிது. மல்லிகைக்கு எங்ஙனம் காப்பது? மொட்டு ஒருநாள் தாமதித்தால் மலர்ந்துவிடும். மலர்ந்த மல்லிகைக்கு அங்காடியில் மதிப்பில்லை. ஆகவே மாலையில் மருந்தடித்த செடியில் மறுநாள் விடியலில் பெண்கள் வெறுங்கையால் மொட்டுப் பறிக்கிறார்கள். அவர்களுக்கு வரும் கை அரிப்பும் தலைவலியும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பச்சைமிளகாயும் ஏறக்குறைய இப்படித்தான். காய்ப்புக் காலத்தில் வாரந்தோறும் பறிப்பு உண்டு. தினமும் பறிக்கும் பயிருக்கு மருந்தையே முதற் காவலாக வைப்பது பொருந்தாத ஏற்பாடு. இப்பூச்சியை உண்டு வாழும் வேறு பூச்சிகள் நம் தோட்டத்திலேயே உள்ளன. அவற்றைக் கொண்டு இதனை அடக்குவது எங்ஙனம் என்பதைக் காண்போம்.

பூச்சியின் இயல்பு

இலைப்பேன் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ளது. வளர்ந்த பூச்சிக்கு நான்கு இறக்கைகள். ஒவ்வொன்றும் நடுவில் ஒரு மெல்லிய தண்டும் ஓரங்களில் குஞ்சம்போன்ற மயிரும் கொண்டது. இவ்விறக்கையால் அதிகத் தொலைவு பறக்க இயலாதாயினும், காற்று அதனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்கு எளிதில் சுமந்து செல்லும். கொழுந்திலும் பூவிலும் நுழைந்து, திசுவைக் கீறி, கசியும் சாற்றை உறிஞ்சும். கீறிய இடம் முதலில் வெள்ளி பூசினாற்போல் மின்னிப் பின்னர்ப் பழுப்பாகும்.

மிளகாயில் இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, இலை படகுபோல் ஆனால் அது இலைப்பேனின் வேலை. ஓரம் கீழ்நோக்கி வளைந்து, படகைக் கவிழ்த்தாற்போல் இருந்தால் அது மஞ்சள் சிலந்திப்பேனின் வேலை. இரண்டும் வேறு, இரண்டிற்கும் மருந்தும் வேறு. இவ்வேறுபாட்டை அறியாமல் ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்குத் தெளித்து இழந்த பணம் கொஞ்சமன்று.

மிளகாய் இலைப்பேனுக்கும் தமிழ்நாட்டிற்கும் உள்ள தொடர்பு பழையது. கோயம்புத்தூரில் எடுத்த மாதிரிகளைக் கொண்டே 1919-இல் ஹூட் என்னும் அமெரிக்க அறிஞர் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். சென்னைக்கும் ஒரு பெருமை உண்டு: இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராகவும் பணியாற்றிய டி. என். அனந்தகிருஷ்ணன், இலயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தை இலைப்பேன் ஆராய்ச்சிக்கு உலகறிந்த இடமாக்கினார். நுங்கம்பாக்கத்தில் விளைந்த அறிவு, பதினைந்து மைல் தொலைவிலுள்ள நம் தோட்டங்களுக்கு வந்து சேர இத்தனை காலம் ஆவானேன் என்று வாசகர் கேட்டால், அது நியாயமான கேள்வியே.

அண்மையில் ஒரு புதிய இனமும் வந்து சேர்ந்திருக்கிறது. தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த இந்தக் கருநிற இலைப்பேன், 2015-இல் பெங்களூரில் பப்பாளிச் செடியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2021-22 பருவத்தில் ஆந்திரம், தெலங்கானா, கருநாடகம் ஆகிய இராஜ்யங்களின் மிளகாய்க் கழனிகளில் பெருகிப் பேரழிவு செய்தது, தமிழ்நாட்டிலும் காணப்பட்டது. பழைய இனம் கொழுந்தைத் தாக்கும். இதுவோ பூவினுள் கூட்டமாகப் புகுந்து, பூவைக் காய்க்கவிடாமல் உதிர்த்துவிடும். அப்பருவத்தில் மிளகாய்க் குடியானவர்கள் மாற்றி மாற்றி மருந்து தெளித்தும் இப்பூச்சி அடங்கவில்லை.

மருந்து தோற்பதன் காரணம்

மருந்து போலியானது என்று கடைக்காரரைக் குறைகூறுவது எளிது. சிற்சில சமயங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல மருந்தும் இப்பூச்சியிடம் தோற்பதற்குப் பூச்சியின் வாழ்க்கை முறையே காரணம். தாய்ப்பூச்சி முட்டையை இலையின் மேல் இடுவதில்லை. திசுவைக் கிழித்து உள்ளே செருகிவிடுகிறது. அங்கு மருந்துத் துளி சென்று சேராது. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பேன் கொழுந்தின் மடிப்பிலும் பூவின் அடியிலும் ஒளிந்து உண்ணும். வளர்ந்தபின் பெரும்பாலான இனங்களில் அது கீழே உதிர்ந்து, மண்ணிலும் சருகிலும் கூட்டுப்புழுவாய்த் தங்கும். அங்கும் மருந்து போகாது. வெப்பமான நாட்களில் இச்சுற்று முழுவதும் இரண்டு மூன்று வாரங்களில் முடிந்துவிடும். எனவே ஒரு நாள் தெளிக்கும் மருந்து, தோட்டத்திலுள்ள பேன்களில் ஒரு பகுதியையே தொடுகிறது.

தப்பியவை விரைவில் மருந்துக்குப் பழகியும்விடுகின்றன. ஆண் துணையில்லாமலே பெண்பேன் முட்டையிட வல்லது. அம்முட்டைகளிலிருந்து ஆண்பேன்கள் பிறக்கும். அவற்றுக்குத் தாயின் மரபுக்கூறு ஒன்றே உண்டு. மருந்தைத் தாங்கும் கூறு இருந்தால் அது மறைந்து கிடக்காமல் உடனே வெளிப்பட்டு, தாங்கியது பிழைக்க, தாங்காதது மடியும். இங்ஙனம் சில தலைமுறைகளுக்குள், அதாவது சில மாதங்களுக்குள், தோட்டம் முழுதும் மருந்துக்கு அஞ்சாத கூட்டமாகிவிடுகிறது.

இவ்விரண்டையும்விடப் பெரிய காரணம் மூன்றாவது. மருந்து பேனை ஓரளவே கொல்கிறது. பேனைத் தின்னும் பூச்சிகளையோ முழுதும் கொல்கிறது. அவை ஒளிந்து வாழ்வன அல்ல. இரை தேடி இலைமீதும் பூமீதும் ஓடித் திரிவன. ஆதலால் முதலில் மருந்து படுவது அவற்றின்மீதே. குறிப்பாகப் பைரித்ராய்டு வகை மருந்துகள் இவ்வகையில் தீமை மிக்கவை. காவலர்களை ஒழித்த தோட்டத்தில், மண்ணிலிருந்தும் திசுவிலிருந்தும் வெளிவரும் அடுத்த தலைமுறைப் பேனுக்குத் தடையே இல்லை. பத்து நாளில் பேன் முன்னிலும் மிகுந்து தோன்றுவதன் மர்மம் இதுதான். மல்லிகையில் மொட்டுப்புழுவுக்காகத் தெளிக்கும் மருந்துகூட இதே விளைவைத் தரக்கூடும்.

ஜப்பானில் ஒகயாமா மாநிலத்துக் கத்தரித் தோட்டங்களில் நாகாய் என்னும் ஆராய்ச்சியாளர் இதனைச் சோதனை செய்தே காட்டினார். பேனைப் பெரிதும் பாதிக்காது அதன் பகைவனை மட்டும் கொல்லும் மருந்தைத் தெளித்த பாத்திகளில் பேன் பெருகியது. தெளிக்காத பாத்திகளில் அது அடங்கியே இருந்தது. 1980-களின் பிற்பகுதியில் ஹிரோசே என்ற மற்றொரு ஜப்பானிய அறிஞர் குழுவினருடன் தாய்லாந்து சென்று, அங்குள்ள கத்தரிச் செடிகளை ஆராய்ந்தார். வீட்டுக் கொல்லையில் மருந்து காணாமல் வளரும் செடிகளில் பேன் அரிதாகவே இருந்தது. வாரந்தவறாமல் மருந்து தெளிக்கும் வாணிபத் தோட்டங்களிலோ மலிந்து கிடந்தது. ஒரே நாடு, ஒரே பயிர், ஒரே பூச்சி. கொல்லைச் செடியில் பகைவர்கள் உயிரோடு இருந்தனர் என்பதே வேறுபாடு. நமது வட்டாரத்திலும் கிணற்றடியில் நிற்கும் கத்தரிச் செடியையும் கழனியில் நிற்கும் செடியையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு குடியானவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பகைவர்கள் யாவர்?

அவர்களுள் தலைமை வாய்ந்தது ஓரியஸ் என்னும் சிறு நாவாய்ப்பூச்சி. இரண்டு மில்லிமீட்டர் நீளம். கருமையும் வெண்மையும் கலந்த முதுகு. ஊசி போன்ற அலகு. இது பூவினுள்ளேயே குடியிருக்கும். பேனும் அங்கேதான் இருக்கிறது. பேனை அலகால் குத்திப் பிடித்துச் சாற்றை உறிஞ்சிக் கூட்டை எறிந்துவிடும். இரை கிடைக்காத நாளில் மகரந்தத்தை உண்டு உயிர் காக்கும். இதனால் பேன் வருவதற்கு முன்பே தோட்டத்தில் காத்திருக்க வல்லது.

இதன் குஞ்சு குறித்து ஓர் எச்சரிக்கை தேவை. இளம்பேனும் மஞ்சள், ஓரியஸ் குஞ்சும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம். பேன் என்று கருதி இதனையே நசுக்குவோர் உண்டு. பேனின் உடல் நூல்போல் ஒடுங்கியது, மெல்ல ஊரும். ஓரியஸ் குஞ்சோ பேரிக்காய் வடிவமாய், சிவந்த கண்களுடன், தொட்டவுடன் விரைந்து ஓடும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றிருந்தால் இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று.

இதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு நாவாய்ப்பூச்சியை, அரிசி அந்துப்பூச்சியின் முட்டையை உணவாகக் கொடுத்துப் பெருமளவில் வளர்க்கும் முறையைப் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் ஆய்வகம் உருவாக்கியிருக்கிறது. அதன் பெயர் பிளாப்டோஸ்டெத்தஸ். பெயர் நாவில் நுழையாவிடினும் வேலை ஓரியஸின் வேலையே.

இலையடியில் வாழும் இரைவிழுங்கிச் சிலந்திப்பேன்கள் இளம்பேனைப் பிடித்துத் தின்னும். பயிரைக் கெடுக்கும் சிலந்திப்பேன் வேறு, இவை வேறு. இவற்றில் பல மஞ்சள் சிலந்திப்பேனையும் உண்பதால் மிளகாய்க்கு இருவகை நன்மை. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு, பொறிவண்டு, சிலந்தி ஆகியவை அசுவினியையும் வெள்ளை ஈயையும் தின்பதோடு பேனையும் தின்னும். பேன் இனத்திலேயே பேனைத் தின்பவையும் உண்டு! இளம்பேனின் உடலினுள் முட்டையிட்டு அதனைக் கொல்லும் செரானிசஸ் என்ற குளவி ஒன்று நம் நாட்டிலும் இருக்கிறது. தாய்லாந்தின் கொல்லைகளில் ஹிரோசே கண்ட முக்கியப் பகைவன் இதுவே.

எத்தனை பகைவர் இருந்தால் போதும்? ஃப்ளாரிடாவின் குடைமிளகாய்க் கழனிகளில் ஃபண்டர்பர்க்கும் துணைவரும் எண்ணிப் பார்த்து 2000-இல் வெளியிட்ட கணக்கு இதற்கு ஒரு வழிகாட்டி. பூக்களில் 180 பேனுக்கு ஓர் ஓரியஸ் இருந்தால் பேனின் பெருக்கம் தடைப்படுகிறது. 40-க்கு ஒன்று என்ற அளவு எய்தினால் பேன் ஏறத்தாழ ஒழிந்துவிடுகிறது. அங்குள்ள பேனும் ஓரியஸும் நம்முடைய இனங்கள் அல்ல. ஆதலால் இதனைச் சட்டமாகக் கொள்ளாமல் மதிப்பீடாகவே கொள்ளவேண்டும். ஆயினும் இக்கணக்கு ஒரு பெரிய அச்சத்தைப் போக்குகிறது. காவலர் கூட்டம் பேன் கூட்டத்துக்கு நிகராக இருக்கவேண்டியதில்லை.

ஆகவே மருந்துக் கடைக்குப் புறப்படுமுன் ஒரு வேலை செய்யலாம். தோட்டத்தின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக இருபது பூக்களை, ஒவ்வொன்றாக ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டுக. விழும் பேன் எத்தனை, ஓரியஸ் எத்தனை என்று எண்ணி எழுதிக்கொள்க. நான்கைந்து நாள் கழித்து மீண்டும் எண்ணுக. பேன் இறங்குமுகமாகவும் ஓரியஸ் ஏறுமுகமாகவும் இருந்தால், தெளிப்பானைத் தொட வேண்டாம். இதற்குக் காகிதமும் அரைமணி நேரமுமே செலவு.

பப்பாளியின் படிப்பினையும் ஸ்பெயினின் படிப்பினையும்

இயற்கைப் பகைவரைக் கொண்டு பூச்சியை அடக்குதல் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 2008-இல் கோயம்புத்தூரில் தோன்றிய பப்பாளி மாவுப்பூச்சி, இரண்டாண்டுகளில் பப்பாளி, மரவள்ளி, முசுக்கொட்டை, பருத்தி எனப் பல பயிர்களைச் சூறையாடியது. எம்மருந்துக்கும் அது அடங்கவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகள் தருவிக்கப்பட்டு, பெங்களூர் ஆய்வகத்தாலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாலும் பரப்பப்பட்டன. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிற்று. மரவள்ளி மாவுப்பூச்சிக்காக ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொணர்ந்த குளவி, 2022-இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

இதைக் கேட்ட நமது குடியானவர்கள், ‘எங்கள் பேனுக்கும் அப்படி ஒரு குளவியைக் கொண்டுவந்து விட்டால் என்ன?’ என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. மாவுப்பூச்சி ஓரிடத்தில் ஒட்டி வாழ்வது. அதற்கென்றே அமைந்த குளவி அதனை எளிதில் தேடிப் பிடிக்கும். மரவள்ளி பத்து மாதமும் பப்பாளி ஆண்டுக்கணக்கிலும் நிலத்தில் நிற்பதால் குளவிக்கும் நிலையான குடியிருப்பு உண்டு. மிளகாயும் கத்தரியும் சில மாதப் பயிர். இலைப்பேனோ பல பயிர்களில் தாவி வாழும் நாடோடி. இத்தகைய பயிர்களில் ஒரே ஒரு குளவியை விட்டு இலைப்பேனை ஒழித்த வெற்றியை எந்நாட்டு அனுபவத்திலிருந்தும் எடுத்துக்காட்டுவது அரிது. ஆதலால் நமக்குரிய வழி வெளிநாட்டுக் குளவியை எதிர்பார்த்திருப்பதன்று. உள்ளூர்ப் பகைவர்களைக் கொல்லாமல் காப்பதும், அவர்களுக்கு உணவும் நிழலும் அளிப்பதுமே.

இதற்குச் சான்று ஸ்பெயின் நாட்டில் கிடைக்கிறது. அந்நாட்டின் அல்மேரியா மாவட்டத்தில் பிளாஸ்டிக் கூடங்களில் குடைமிளகாய் பயிரிட்டு ஐரோப்பா முழுதும் அனுப்புகிறார்கள். 2006-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களுடைய சரக்கில் அனுமதியில்லாத ஒரு பூச்சிமருந்தின் எச்சத்தை ஜெர்மனியில் கண்டுபிடித்துவிட்டார்கள். சந்தை கையைவிட்டுப் போகும் நிலை. அதன் பின்னர் ஓரிரு பருவங்களுக்குள் அங்குள்ள குடைமிளகாய்க் கூடங்களில் மிகப் பெரும்பாலானவை ஓரியஸுக்கும் இரைவிழுங்கிச் சிலந்திப்பேனுக்கும் மாறிவிட்டன. இத்தனை விரைவாக மாற முடிந்ததற்கு ஒரு காரணம், அவர்கள் தனித்தனியே மாறவில்லை, ஊரோடு மாறினார்கள் என்பது.

நமது வட்டாரத்தில் செய்யத்தக்கவை

நமக்கு இதிலேதான் சங்கடம். ஒருவர் அரை ஏக்கரில் மருந்தை நிறுத்துகிறார். வரப்புக்கு அப்பாலுள்ளவர் வாரம் இருமுறை தெளிக்கிறார். காற்றில் வரும் மருந்துத் திவலை இவருடைய காவலரைக் கொல்கிறது. மருந்துக்குப் பழகிய பேன் அவருடைய நிலத்திலிருந்து இவர் நிலத்துக்கு வருகிறது. இரண்டு வாரத்தில் இவர் மனம் வெதும்பி மீண்டும் தெளிப்பானை எடுத்துக்கொள்கிறார். அவரை நாம் குறைகூற மாட்டோம். இலைப்பேனை அடக்குவது ஒருவருடைய நிலத்தின் காரியமன்று. அடுத்தடுத்துள்ள ஐந்தாறு நிலங்கள் சேர்ந்து செய்யவேண்டிய காரியம். ஏரி மதகைத் திறக்கும் முறையை ஊர் கூடி முடிவு செய்வதுபோல் இதனையும் கிராம சபையிலோ உழவர் குழுவிலோ பேசி முடிவு செய்யலாம். ஒரு பருவத்துக்கு, ஒரு மடையின் கீழுள்ள நிலங்களில் மட்டும் என்று தொடங்கினாற் போதும்.

அவ்வாறு சேர்வோர் செய்யத்தக்கவற்றைச் சொல்லுவோம். மிளகாய் நடுமுன் நிலத்தின் ஓரத்தில் மக்காச்சோளம் அல்லது சோளத்தை இரண்டு மூன்று வரிசை நெருக்கமாக விதைக்கலாம். அது காற்றோடு வரும் பேனைத் தடுக்கும். அதன் மகரந்தம் காவலர்க்கு உணவாகும். மிளகாயினூடே அகத்தியை இடையிடையே வைக்குமாறு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அரைநிழலில் பேன் பெருகுவது குறையும், அகத்திக்கீரையும் விலைபோகும். வெங்காயத்தை மட்டும் மிளகாயோடு கலந்து பயிரிடலாகாது. இரண்டும் பேனுக்கு விருந்து. வரப்பில் தட்டைப்பயறும் கொத்துமல்லியும் பூக்கவிட்டால் பொறிவண்டும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தங்கும். கொத்துமல்லியைப் பூக்கவிடாமல் கட்டுக் கட்டிச் சந்தைக்கு அனுப்புவதே நம் வழக்கம். ஒரு பாத்தியையாவது விட்டுவைக்கலாம்.

மண்ணில் கிடக்கும் கூட்டுப்புழுவை மறத்தலாகாது. கடைசி உழவில் வேப்பம்புண்ணாக்கு இடுதலும், வசதியுள்ளோர் வெள்ளி நிற நிலப்போர்வை விரித்தலும், உதிர்ந்த பூக்களைப் பெருக்கி அகற்றுதலும் பயன் தரும். நாற்றங்காலில் தண்ணீரைப் பூவாளியால் செடிமேலேயே தெளித்தால் பேன் பெருகாது.

பேன் கையை மீறும் அறிகுறி தோன்றினால் முதலில் எடுக்கவேண்டியது வேப்பங்கொட்டைச் சாறு. 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்துத் தூளாக்கி, 10 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் துணியில் இருமடியாக வடிகட்டி, 100 லிட்டராகப் பெருக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, அன்றே மாலையில் தெளிக்கவேண்டும். இது பேனின் வளர்ச்சியைத் தடுக்கும். காவலர்க்கு இழைக்கும் தீங்கு குறைவு. ஆனியிலும் ஆடியிலும் வேப்பம்பழம் உதிரும்போது மகளிர் சுய உதவிக் குழுக்கள் கொட்டையைத் திரட்டி நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால், ஊருக்கு வேண்டிய சரக்கு ஊரிலேயே இருக்கும், குழுவுக்கும் வருவாய்.

பேனுக்கு நோய் உண்டாக்கும் பூஞ்சாணங்களும் தூளாகக் கிடைக்கின்றன. பிவேரியா, லெக்கானிசிலியம் ஆகியவற்றை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கலந்து தெளிப்பது பொதுவான அளவு. இவை உயிருள்ளவை என்பதை மறந்து வெயிலில் வைத்துக் கெடுத்துவிடுகிறார்கள். வாங்கும்போது காலாவதி நாளைப் பார்க்கவேண்டும், பூஞ்சாணக்கொல்லியோடு கலக்கக் கூடாது, மாலையிலேயே தெளிக்கவேண்டும். ஈரக்காற்று உள்ள ஐப்பசி, கார்த்திகையில் இவை நன்கு வேலை செய்யும். சித்திரை வெயிலில் இவற்றுக்குச் செலவிடுவது வீண் என்பதே நமது கருத்து.

காலி மனைகளைப்பற்றி ஒரு சொல். நமது வட்டாரத்தில் தோட்டத்தை ஒட்டியே வேலியிட்ட மனைகள் ஆண்டுக்கணக்கில் புதர் மண்டிக் கிடக்கின்றன. அவற்றிலுள்ள பார்த்தீனியம் பேனுக்குப் புகலிடம்; அதன் மகரந்தம் நச்சுயிரி நோயையும் பரப்பவல்லது. அதனைப் பூக்குமுன் பிடுங்கவேண்டும். ஆனால் பச்சையாய்க் கண்டதையெல்லாம் களைக்கொல்லி தெளித்துக் கருக்கிவிடுவது நன்றன்று. வேலியோரத்துக் காட்டுப் பூக்களில் காவலரும் தங்குவர்.

இவ்வழிக்கு எல்லையும் உண்டு. இயற்கைப் பகைவர் பேனைக் குறைப்பரேயன்றி அடியோடு ஒழிக்கார். ஒழித்தால் அவர்களுக்கு ஏது உணவு? மாலைக்கும் சரத்துக்கும் போகும் பூவிலும் பச்சைமிளகாயிலும் சில பேன் இருப்பதால் நட்டம் பெரிதன்று. செண்டுக்குப் போகும் ரோஜாவில் இதழில் ஒரு வடு விழுந்தாலும் விலை குறையும். அங்கே நீலநிற ஒட்டுப்பொறியும் நிழல்வலையும் கூடுதலாக வேண்டும். நிலக்கடலையிலும் தர்ப்பூசணியிலும் மொட்டுக் கருகல் நோயைப் பரப்புவதும் இலைப்பேனே. இளம்பேனாக இருக்கையில் நச்சுயிரியை உறிஞ்சியது வாழ்நாள் முழுதும் அதைப் பரப்பும். எனவே சில பேனே பெருஞ்சேதம் விளைக்கும். அப்பயிர்களில் நோய்ச்செடியைக் கண்டவுடன் பிடுங்கி அழிப்பதைக் காவலரிடம் விட்டுவிட முடியாது. எங்கேனும் மருந்து தவிர்க்க இயலாது போனால், தோட்டக்கலை அலுவலரைக் கேட்டு, காவலர்க்குத் தீங்கு குறைந்த ஒன்றைத் தேர்ந்து, பேன் மிகுந்த பாத்திக்கு மட்டும் தெளித்து, காத்திருப்புக் காலம் முடியுமட்டும் அப்பாத்தியில் பறிக்காமலிருத்தல் வேண்டும்.

மல்லிகைத் தோட்டமுடையோர்க்கு இம்முறையைத் தொடங்க ஏற்ற காலம் நவம்பர் இறுதியில் நடக்கும் கவாத்து. அப்போது வெட்டிய கிளைகளையும் சருகையும் தோட்டத்திலேயே விடாமல் அகற்றி, தூரைக் கொத்தி வேப்பம்புண்ணாக்கு இட்டு, வரப்பில் தட்டைப்பயறு ஊன்றிவிட்டால், புதுத் தளிர் விரியும் தை மாதத்தில் அது பூத்திருக்கும். முதல் மொட்டு கண்டதும் வெள்ளைத் தாளில் எண்ணத் தொடங்கலாம். எண்ணும் முறையும் காவலரை அடையாளங்காணும் முறையும் நேரில் அறிய விரும்புவோர் தத்தம் பகுதி உதவித் தோட்டக்கலை அலுவலரையோ, திருவள்ளூரை அடுத்த திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். செல்லும்போது பூவோடு கூடிய கிளை ஒன்றை மூடிய டப்பாவில் எடுத்துச் செல்லவேண்டும்.